டிக்கெட் அச்சானதும் அந்த ஃபைல் எங்கே போகிறது?

திருப்பதி ரயில் நிலையத்துக்கு எதிரே விஷ்ணு நிவாசம். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஸ்ரீனிவாசம். இந்த இரண்டு தேவஸ்தானக் கட்டடங்களைச் சுற்றி ஜெராக்ஸ் கடைகளும் நெட் சென்டர்களும் நெருக்கமாக இருக்கின்றன. வேலூர், காஞ்சிபுரம், சென்னை என்று நம் ஆட்கள் தினமும் வந்து இறங்குகிறார்கள். 300 ரூபாய் தரிசன டிக்கெட்டை வாட்ஸ்அப்பில் கடைக்காரருக்கு அனுப்பி அச்செடுக்கிறார்கள். கூடவே வீட்டில் எல்லாருடைய ஆதாரையும் ஒரு பிரதி எடுத்துக்கொள்கிறார்கள். காசு கொடுத்துவிட்டு மலையேறப் போய்விடுகிறார்கள். அவர்கள் அனுப்பிய ஃபைல்கள் மட்டும் அந்தக் கடைக் கணினியிலேயே தங்கிவிடுகின்றன.

சித்தூர், திருப்பதி பக்கத்துச் சின்னக் கடைகளுக்கு லினக்ஸ் போட்டுக் கொடுப்பது என் பழக்கம். 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான ஆதரவு நின்ற பிறகு இந்த வேலை கூடிவிட்டது. விண்டோஸ் 11 ஏறாத பழைய கணினிகள் இந்தக் கடைகளில் நிறைய. மின்ட்டோ உபுண்டுவோ டெபியனோ போட்டால் அவை இன்னும் சில வருடம் ஓடும். போட்டுக் கொடுப்பது சுலபம். அதற்குப் பிறகு அந்த இயந்திரத்தில் நாள்தோறும் சேரும் தற்காலிக ஃபைல்களை யார் பார்ப்பது என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை.

சித்தூரில் ஒரு கடைத் தம்பி ஒருநாள் போன் செய்தான். ஏதோ விண்ணப்பத்துக்குக் கடைசி நாள், கடையில் கூட்டம்.

"அண்ணா, டிஸ்க் ஃபுல்லுன்னு வருது. பிரிண்ட்டும் போகல, ஸ்கேனும் சேவ் ஆகல."

"ஸ்லாஷ் டெம்ப்ல என்ன இருக்குன்னு பாருப்பா."

"மேஜிக்னு ஆரம்பிக்கிற பேர்ல பெருசு பெருசா இருந்துச்சுண்ணா. எல்லாத்தையும் அழிச்சுட்டேன். ஆனா இடம் வரவே இல்ல."

லினக்ஸ் கணினியைப் பார்த்துக்கொள்ளும் எல்லாரும் ஒருநாள் இந்த இடத்துக்கு வந்துதான் ஆகவேண்டும். அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். அரசு இணையதளங்கள் போட்டோ 50 கேபிக்குள், பிடிஎஃப் 200 கேபிக்குள் என்றெல்லாம் கேட்கும். அதற்காகப் படங்களைச் சுருக்க இந்தக் கடைகளில் இமேஜ்மேஜிக், பிடிஎஃப்பைச் சுருக்க கோஸ்ட்ஸ்கிரிப்ட் வைத்திருப்போம். தனக்கு அனுமதித்த நினைவகத்தைவிடப் பெரிய படம் வந்தால், இமேஜ்மேஜிக் அதை விரித்து ஸ்லாஷ் டெம்ப் ஃபோல்டரில் எழுதி வைத்துக்கொண்டு வேலை செய்யும். வேலை முடிந்தால் தானே துடைத்துவிடும். நடுவில் கரண்ட் போனாலோ, பொறுமையிழந்து யாராவது அதை அடித்து நிறுத்தினாலோ, அந்த ஃபைல் அப்படியே கிடக்கும்.

அன்று நடந்தது வேறு. இமேஜ்மேஜிக் பின்னணியில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. லினக்ஸில் ஃபைலை அழிப்பது என்றால் ஃபோல்டரில் இருக்கும் அதன் பெயரை எடுத்துவிடுவது, அவ்வளவுதான். ஏதாவது ஒரு நிரல் அந்த ஃபைலைத் திறந்து வைத்திருக்கும் வரை உள்ளே இருக்கும் தரவும், அது பிடித்திருக்கும் இடமும் அப்படியே இருக்கும். அதனால்தான் 'டிஎஃப்' கட்டளை வட்டு நிறைந்தது என்கிறது, 'டியூ' போட்டு ஃபோல்டர் ஃபோல்டராகக் கூட்டினால் கணக்கு குறைவாக வருகிறது. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால், அழிக்கப்பட்டும் திறந்தே இருக்கும் ஃபைலை யாரோ பிடித்துக்கொண்டிருக்கிறார்களா என்றுதான் முதலில் பார்ப்பேன். 'எல்எஸ்ஓஎஃப்' கட்டளையோடு பிளஸ், பெரிய எல், ஒன்று என்று சேர்த்துக் கொடுத்தால், பெயரிழந்தும் உயிரோடிருக்கும் ஃபைல்களை மட்டும் காட்டும், பிடித்திருக்கும் நிரலின் எண்ணோடு. அந்த நிரலை நிறுத்தச் சொன்னேன். இடம் உடனே திரும்பியது. கணினியை மறுபடி தொடங்கினாலும் திரும்பியிருக்கும். ஆனால் காரணம் தெரியாமல் மறுதொடக்கம் செய்தால் அடுத்த வாரம் அதே போன் வரும்.

பிறகு நேரில் போய் உட்கார்ந்து, வேறு எங்கெல்லாம் இடம் போகிறது என்று பார்த்தேன். ஏப்ட் இறக்கி வைத்த பழைய பொதிகள், ஜர்னல் பதிவுகள் எல்லாம் வழக்கமானவை. 'ஏப்ட் கிளீன்' ஒரு வரி, ஜர்னலுக்கு அளவுக் கட்டுப்பாடு ஒரு வரி, முடிந்தது. டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்தபோதுதான் எனக்கு உண்மையிலேயே கவலை வந்தது. முகம் தெரியாத மனிதர்களின் இ-ஆதார்கள், மார்க் ஷீட்டுகள், வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கங்கள், நிலப் பட்டாக்கள், திருமலை அறை முன்பதிவுகள். மாதக் கணக்கில் சேர்ந்தவை. வட்டில் அவை அடைத்திருந்த இடம் சொற்பம். அதனால் டிஸ்க் ஃபுல் என்ற எச்சரிக்கை ஒருநாளும் அவற்றைக் காட்டிக் கொடுத்திருக்காது.

2022 மே 27ஆம் தேதி ஆதார் ஆணையத்தின் பெங்களூரு மண்டல அலுவலகம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ஆதார் நகலை யாருக்கும் கண்டபடி கொடுக்க வேண்டாம், நெட் சென்டர்க் கணினியில் இ-ஆதாரை இறக்க வேண்டாம், இறக்கினால் எல்லாப் பிரதிகளையும் நிரந்தரமாக அழித்துவிடுங்கள் என்றது. தவறாகப் புரிந்துகொள்ளப்படும் என்று சொல்லி இரண்டே நாளில் மத்திய அரசு அதைத் திரும்பப் பெற்றது. அறிவிப்பு போய்விட்டாலும் அதிலிருந்த புத்திமதி சரியானதுதான். இ-ஆதார் பிடிஎஃப்பின் கடவுச்சொல், பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்தும் பிறந்த வருடமும். ஃபைலின் பெயரிலோ, பக்கத்தில் கிடக்கும் டிக்கெட்டிலோ ஆளின் பெயர் இருக்கும். வயது இருந்தால் வருடம் தானாக வரும். இது பூட்டே ஆகாது.

லினக்ஸ் பாதுகாப்பானது, வைரஸ் வராது என்று சொல்லித்தான் நாம் இந்தக் கடைகளுக்குள் போகிறோம். ஆனால் இந்த விஷயத்தில் லினக்ஸின் பாதுகாப்பு எதுவும் தானாக உதவாது. ஏன் என்று சொல்கிறேன்.

ஸ்லாஷ் டெம்ப்பில் யார் வேண்டுமானாலும் எழுதலாம். ஆனால் ஸ்டிக்கி பிட் என்ற அனுமதிக் குறி அதில் இருப்பதால், ஒருவர் வைத்ததை இன்னொருவர் அழிக்கவோ பெயர் மாற்றவோ முடியாது. திருமலையில் இலவசத் தங்கும் கூடத்து லாக்கர் மாதிரி: கூடத்துக்குள் எல்லாரும் வரலாம், லாக்கரில் அவரவர் சாவிதான் நுழையும். பல பேர் பல கணக்குகளில் நுழையும் பல்கலைக்கழக சர்வருக்கு இது அருமையான ஏற்பாடு. நெட் சென்டரில் காலை முதல் இரவு வரை எல்லாரும் ஒரே லாகினில்தான் உட்காருகிறார்கள். கணினியைப் பொறுத்தவரை குப்பத்திலிருந்து வந்த பாட்டியும், அவருக்குப் பின்னால் வந்து உட்காரும் முன்பின் தெரியாத ஆளும் ஒரே பயனர். அனுமதிக் குறிகள் இவர்களுக்கு நடுவே எந்தச் சுவரையும் எழுப்பாது. சுவர் இல்லாத இடத்தில் காலக்கெடுதான் காக்க வேண்டும்.

லினக்ஸில் காலக்கெடு என்ற யோசனை பழையது. ஃபோல்டர் அமைப்புக்கான பொதுத் தரத்திலேயே அது இருக்கிறது. ஸ்லாஷ் டெம்ப்பில் வைத்த ஃபைல் அடுத்த முறை ஓடும்போது இருக்கும் என்று எந்த நிரலும் நம்பக்கூடாது. வார் டெம்ப்பில் வைத்தது கணினியை அணைத்துப் போட்டாலும் இருக்க வேண்டும். இந்த விதியை நடைமுறைப்படுத்துவது இப்போது பெரும்பாலான விநியோகங்களில் சிஸ்டம்டி டெம்ப்ஃபைல்ஸ். கணினி தொடங்கிப் பதினைந்து நிமிடத்தில் ஒருமுறை, பிறகு நாளுக்கொருமுறை அது சுற்றிவரும். அதன் மூல அமைப்பில் ஸ்லாஷ் டெம்ப்புக்கு 10 நாள், வார் டெம்ப்புக்கு 30 நாள். வயதைக் கணக்கிட ஒரு ஃபைலைக் கடைசியாகப் படித்த நேரம், எழுதிய நேரம், அதன் விவரம் மாறிய நேரம் மூன்றையும் பார்க்கும். மூன்றும் கெடுவைத் தாண்டினால்தான் கை வைக்கும். நிதானமான வேலைக்காரன் என்று எனக்கு அதன்மேல் மரியாதை உண்டு.

டெபியன் வெகுநாள் இந்தக் கெடுவை ஏற்காமல், ஸ்லாஷ் டெம்ப்பைக் கணினி தொடங்கும்போது மட்டும் துடைத்து, வார் டெம்ப்பைத் தொடாமலே வைத்திருந்தது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13இல் மாற்றிக்கொண்டார்கள். புதிதாக நிறுவினால் 10 நாளும் 30 நாளும் அங்கேயும் வரும். ஸ்லாஷ் டெம்ப் இயல்பாகவே டெம்ப்எஃப்எஸ் ஆகிவிட்டது, அதாவது வட்டில் இல்லாமல் நினைவகத்தில் இருக்கும். ஃபெடோரா இதை 2013இலேயே செய்துவிட்டது.

கடைக்கு இது நல்லதா? பாதி நல்லது. ராத்திரி கணினியை அணைத்தால் ஸ்லாஷ் டெம்ப்பில் இருந்த அத்தனையும் போய்விடும், வட்டைத் தோண்டி எடுக்கவும் எதுவும் மிச்சமிருக்காது. ஸ்வாப்புக்குள் போன துண்டுகள் மட்டும் விதிவிலக்கு. ஆனால் டெம்ப்எஃப்எஸ் அதிகபட்சமாக நினைவகத்தில் பாதியை எடுத்துக்கொள்ளலாம் என்பது வழக்கமான வரம்பு. 4 ஜிபி உள்ள பழைய கணினியில் அது 2 ஜிபி. ஒரு ஏ4 பக்கத்தை 600 டிபிஐயில் கலரில் ஸ்கேன் செய்தால் சுருக்காத நிலையில் நூறு எம்பியைத் தாண்டும். ஒரு பத்திரத்தின் இருபது பக்கத்தை ஒரே மூச்சில் எடுத்து இமேஜ்மேஜிக்கிடம் கொடுத்தால் கணினி மூச்சுத் திணறும். 300 டிபிஐ என்றால் பக்கத்துக்கு 26 எம்பிதான். எந்த அரசு அலுவலக வேலைக்கும் 300 போதும். ஸ்கேனர் நிரலில் இதை இயல்பாக வைத்துவிடுங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

இன்னொரு பாதிக்கு வருகிறேன். அடுத்தவர் காகிதங்கள் ஸ்லாஷ் டெம்ப்பில் மட்டும் தங்குவதில்லை. அங்கே தங்குவதே குறைவு. ஃபயர்பாக்ஸில் முன்பெல்லாம் பிடிஎஃப்பை 'திற' என்று கொடுத்தால் அது ஸ்லாஷ் டெம்ப்பில் இறங்கும். 2022 மார்ச்சில் வந்த 98ஆம் பதிப்பிலிருந்து, திற என்று கொடுத்தாலும் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில்தான் சேமிக்கிறது. வீட்டில் இது வசதி. கடையில் இது மாதக் கணக்கான குவியல். பழைய நடத்தையை மீட்கும் அமைப்பு பின்னால் வந்த பதிப்புகளில், அபௌட் கான்ஃபிக் பக்கத்தில், இருக்கிறது. நான் வேறு வழி வைத்திருக்கிறேன், சொல்கிறேன்.

படமாக வந்ததைக் கோப்பு மேலாளரில் திறந்து பார்த்தால், அதன் சிறுபடம் (தம்ப்நெயில்) பயனரின் கேஷ் ஃபோல்டரில் தனியாக உட்காரும். மூல ஃபைலை அழித்தாலும் அது போகாது. க்னோம் மேசையில் அதற்கு இயல்பான ஆயுள் 180 நாள். முகத்தை அடையாளம் காண அந்த அளவு படம் போதும். டிலீட் பட்டனை அழுத்தினால் குப்பைத்தொட்டிக்குத்தான் போகும். அதைத் தானாகக் காலி செய்யும் வசதி க்னோமின் தனியுரிமை அமைப்பில் இருக்கிறது, ஆனால் நாம்தான் இயக்க வேண்டும். ஒரு மணி நேரம் வரை குறைத்து வைக்கலாம்.

பிரிண்டரை எல்லாரும் மறந்துவிடுகிறோம். லினக்ஸில் அச்சு வேலையைப் பார்ப்பது கப்ஸ். நீங்கள் அச்சிடும் ஒவ்வொன்றின் பிரதியும் அதன் ஸ்பூல் ஃபோல்டரில் விழும். அச்சாகி முடிந்த பிறகும் இயல்பாக ஒரு நாள் முழுக்க, 86,400 நொடி, அது அங்கே இருக்கும். ரூட் மட்டும்தான் பார்க்க முடியும் என்றாலும், கடையில் ரூட் கடவுச்சொல் எத்தனை பேருக்குத் தெரியும் என்பது உங்களுக்கே தெரியும். கப்ஸின் அமைப்பு ஃபைலில் அச்சு ஃபைலைப் பாதுகாக்க வேண்டாம் என்று ஒரே ஒரு வரி போட்டால், அச்சானதும் பிரதி போய்விடும். நின்றுபோன வேலையை மறுபடி அனுப்ப முடியாதே என்று ஒரு கடைக்காரர் கேட்டார். முடியாத வேலை வரிசையில்தான் இருக்கும், முடிந்த வேலைதான் அழியும். பயப்பட வேண்டாம்.

இனி நான் கடைகளில் செய்து வைக்கும் ஏற்பாடு. ஃபைல் பிறக்கும்போதே அதன் ஆயுளை எழுதிவிட வேண்டும் என்பதுதான் என் கட்சி. மாதம் ஒருநாள் உட்கார்ந்து துடைக்கலாம் என்று வைத்தால் அந்த ஒருநாள் வராது. டெஸ்க்டாப்பில் 'புதிய வாடிக்கையாளர்' என்று ஒரு ஐகான். அழுத்தினால் ஒரு சிறு ஸ்கிரிப்ட் ஓடி, 'எம்கே டெம்ப்' கட்டளையால் யாரும் யூகிக்க முடியாத பெயரில் ஒரு ஃபோல்டரை உண்டாக்கும். டெம்ப்டைர் என்ற சூழல் மாறியை அதற்குத் திருப்பிவிட்டால் இமேஜ்மேஜிக், கோஸ்ட்ஸ்கிரிப்ட், லிப்ரேஆபிஸ் எல்லாம் தங்கள் தற்காலிக ஃபைல்களை அங்கேயே எழுதும். உலாவியின் டவுன்லோடும் அதற்குள்ளேயே. வாடிக்கையாளர் எழுந்து போனதும் சாளரத்தை மூடினால், ஸ்கிரிப்ட்டில் 'டிராப்' கொண்டு முன்பே கட்டிவைத்த வரி அந்த ஃபோல்டரை மொத்தமாக அழித்துவிடும்.

பெயரை நாமே வைத்துக்கொண்டால் என்ன என்று கேட்கலாம். எளிதில் யூகிக்கக்கூடிய பெயரில் ஸ்லாஷ் டெம்ப்பில் எழுதும் ஸ்கிரிப்ட், பல பேர் பயன்படுத்தும் கணினியில் பெரிய ஓட்டை. அதே பெயரில் ஒரு சிம்லிங்க்கை முன்கூட்டியே வைத்து, நம் கையாலேயே வேறு ஃபைலை அழிக்க வைத்துவிடலாம். 2012இல் வந்த லினக்ஸ் 3.6 கெர்னல் முதல் இதற்கு ஒரு தடுப்பு இருக்கிறது. அதை நம்பிக்கொண்டு தவறான பழக்கத்தை வைத்திருக்கக் கூடாது.

டிராப்புக்கும் ஒரு எல்லை உண்டு. கரண்ட் போனால் அது ஓடாது, நிரலை வலுக்கட்டாயமாகக் கொன்றாலும் ஓடாது. அதற்குத்தான் இரண்டாவது வலையாக டெம்ப்ஃபைல்ஸ். டவுன்லோட்ஸ், சிறுபடக் கேஷ் இரண்டுக்கும் இரண்டு மணி நேரக் கெடு என்று பயனர் அளவில் ஒரு விதி எழுதி, நாளுக்கொருமுறை சுற்றும் டைமரை மணிக்கொருமுறையாக மாற்றிவிடுவேன். மின்ட் போட்ட கடையில் இதைவிடச் சுலபமான வழி, லாகின் சாளர அமைப்பில் விருந்தினர் அமர்வை அனுமதிப்பது. விருந்தினரின் வீட்டு ஃபோல்டரே ஸ்லாஷ் டெம்ப்புக்குள் உருவாகி, லாக் அவுட் செய்ததும் மொத்தமாக மறையும். உபுண்டுவிலும் இது முன்பு இருந்தது. பாதுகாப்புக் கோளாறு ஒன்றால் 2017இல் நிறுத்தினார்கள், க்னோமுக்கு மாறியபோது திரும்ப வரவேயில்லை. நெட் சென்டர்களுக்கு அது நிஜமான இழப்பு.

ஒரு எச்சரிக்கை. டெம்ப்ஃபைல்ஸ் என்ற பெயரைப் பார்த்து, அது தற்காலிக ஃபைலை மட்டும்தான் தொடும் என்று நினைக்காதீர்கள். கணினிக்குத் தேவையான பல ஃபோல்டர்களை உருவாக்குவதும் அதன் வேலைதான், ஹோம் ஃபோல்டர் உட்பட. 2024 ஜூனில் வந்த சிஸ்டம்டி 256இல் 'பர்ஜ்' என்று ஒரு புது வசதி சேர்த்தார்கள். அதைச் சாதாரணச் சுத்தம் என்று எண்ணி ஓட்டியவருக்கு ஹோம் ஃபோல்டரே போய்விட்டது. உடனே அடுத்த திருத்தப் பதிப்பில், எந்த விதி ஃபைல் என்று குறிப்பிடாமல் அது ஓடாதபடி மாற்றினார்கள். எனவே எழுதும் விதியில் பாதையைத் தெளிவாகக் குறிப்பிடுங்கள், முதலில் வெற்று ஃபோல்டர் ஒன்றில் சோதியுங்கள்.

எதை அழிக்கலாம், எதை வைக்க வேண்டும் என்று கடைக்காரர்கள் கேட்பார்கள். அதற்கு நம் பக்கத்து ரேடார் ஒன்றை உதாரணமாகச் சொல்வேன். திருப்பதியிலிருந்து சித்தூர் போகும் வழியில் காதங்கி என்ற ஊர் வரும். தேசிய வளிமண்டல ஆய்வகம் அங்கே இருக்கிறது. 1024 யாகி ஆன்டெனாக்களைச் சதுரமாக நட்டு, 53 மெகாஹெர்ட்ஸில் வானத்துக்கு அலை அனுப்பி, மேலே காற்று எப்படி நகர்கிறது என்று அளக்கிற ரேடார். எந்த ரேடாரிலும் திரும்பி வரும் எதிரொலியிலிருந்து நிறமாலை, நிறமாலையிலிருந்து காற்றின் வேகம் என்று படிப்படியாகக் கணக்குப் போவார்கள். எதிரொலியின் மூலப் பதிவு இருந்தால் நடுவில் உள்ளதை எப்போது வேண்டுமானாலும் மறுபடி கணக்கிடலாம். அந்த நாளின் வானம் திரும்ப வராது, ஆகவே மூலப் பதிவு போனால் போனதுதான். கடையிலும் இதையே கேட்டுப் பாருங்கள்: இதை வேறெதிலிருந்தாவது மறுபடி பெற முடியுமா? வாடிக்கையாளரின் ஆதார் அவர் போனில் இருக்கிறது. சுருக்கிய பிடிஎஃப் விண்ணப்பத்தோடு போய்விட்டது. இரண்டும் உங்களிடம் இருக்கத் தேவையே இல்லை.

வைத்தே ஆகவேண்டியது ஒன்று உண்டு. 2011இல் வந்த சைபர் கஃபே விதிகளின்படி, கணினியைப் பயன்படுத்த வருபவரின் அடையாள ஆவண நகலையும் வருகைப் பதிவேட்டையும் குறைந்தது ஒரு வருடம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். அது டவுன்லோட்ஸில் கிடக்கும் குவியல் அல்ல. தனிக் கணக்கில், என்கிரிப்ட் செய்த தனி ஃபோல்டரில், நாள்வாரியாக இருக்க வேண்டியது. இரண்டையும் ஒரே இடத்தில் கலந்து வைத்துவிட்டு, போலீஸ் கேட்டால் காட்ட வேண்டுமே என்று எதையும் அழிக்காமல் இருப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வாங்கிய நோக்கம் முடிந்ததும் தகவலை அழிக்கத்தான் சொல்கிறது, வேறு சட்டம் வைத்திருக்கச் சொன்னால் தவிர.

கடை வைத்திருக்கும் நண்பர்களே, இன்று ராத்திரி ஷட்டரை இறக்கும் முன் டவுன்லோட்ஸ், குப்பைத்தொட்டி, சிறுபடக் கேஷ், கப்ஸ் ஸ்பூல் நான்கையும் திறந்து பாருங்கள். உள்ளே இருப்பவர்கள் உங்களை நம்பிக் கொடுத்தவர்கள். வாட்ஸ்அப்பில் வந்த உரையாடல்களையும் சேர்த்து அழியுங்கள். தரிசனத்துக்கு வருபவர்கள், அச்செடுத்த பிறகு "அந்த ஃபைலை அழிச்சிடுங்க அண்ணா" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்ளும் கடைக்காரரை இரண்டு ஊரிலும் நான் இதுவரை பார்த்ததில்லை.